குடும்பத்தோடு பறவை பார்க்கப் போகலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்ப் பறவை பார்க்கலாம் என்று நினைக்கும் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இங்கே. தமிழ்நாட்டை மனதில் வைத்து எழுதியது.

எங்கள் வீட்டில் யாருக்கும் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. போய் என்ன செய்வது?

ஒன்றும் தெரியாது என்பவர்களுக்கும் காகம், மைனா, புறா, கிளி, குயில், கொக்கு, மயில், பருந்து தெரிந்திருக்கும். அங்கேயே எட்டு ஆகிவிட்டது. காகத்திலேயே இரண்டு வகை உண்டு. கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் வீட்டுக் காகம். தலை முதல் வால் வரை ஒரே கறுப்பு என்றால் அண்டங்காக்கை. மின்கம்பியில் வால் பிளந்து உட்கார்ந்திருக்கும் கறுப்புக் குருவி கரிச்சான். ஏழெட்டாகச் சேர்ந்து தரையில் சருகைக் கிளறிக்கொண்டு ஓயாமல் சண்டை போடுவது தவிட்டுக்குருவி. முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்குவது தேன்சிட்டு. இப்படி ஒரு பதினைந்து பறவைகளைத் தெருவை விட்டு வெளியே போகாமலே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா அம்மாவுக்கும் தெரியாது என்றால் பிள்ளைகளுக்கு உற்சாகம் அதிகம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி இல்லாமல், எல்லோரும் சேர்ந்து தேடுவதாக ஆகிவிடும். "இது என்னப்பா?" என்று கேட்டால் "தெரியலையே, மூக்கு எப்படி இருக்கு பார்" என்று சொல்வதே நல்ல பதில்.

எந்த வயதிலிருந்து கூட்டிப் போகலாம்?

கைக்குழந்தையைக்கூடத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் மூன்று நான்கு வயதுப் பிள்ளை பறவையைப் பார்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எறும்பைப் பார்க்கும், கல் பொறுக்கும், சாணியைக் குச்சியால் குத்தும். அதுவும் சரிதான். ஆறேழு வயதில் பெயர் சொல்லத் தொடங்குவார்கள். பத்து வயதுக்கு மேல் பட்டியல் எழுதும் வெறி வரும். அப்போது பெரியவர்கள் ஈடுகொடுப்பதுதான் கஷ்டம்.

முதலில் எங்கே போவது? வேடந்தாங்கலா, முதுமலையா?

இரண்டும் வேண்டாம். பக்கத்து ஏரிக்குப் போங்கள். வடக்கே ஏரி, தெற்கே கண்மாய், கொங்கில் குளம் என்று எந்தப் பெயரில் சொன்னாலும், தமிழ்நாட்டில் இவை சுமார் 39,000 இருக்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ஒன்று கட்டாயம் இருக்கும். பெயர்பெற்ற சரணாலயத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை போவதைவிட, பெயரில்லாத ஒரு கண்மாய்க்கு மாதம் ஒருமுறை போவதில்தான் விஷயமே இருக்கிறது என்பது என் கட்சி.

காரணம் எளிது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் மாற்றம் கண்ணில் படும். புரட்டாசியில் காய்ந்து கிடந்த ஏரி கார்த்திகையில் நிரம்பியிருக்கும். தண்ணீர் ஏறும்போது ஒரு கூட்டம் வரும். தை, மாசியில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது நீளக்காலும் நீளமூக்கும் உள்ள உள்ளான்கள் வரும். நிறைய ஆழத்துக்கு நீர்க்காகம், கணுக்கால் ஆழத்துக்கு நாரை, வெறும் சேற்றுக்கு உள்ளான் என்று தண்ணீரின் அளவே யார் வருவது என்பதை முடிவு செய்கிறது. புத்தகத்தில் படித்தால் இது ஒரு வரி. நான்கு மாதம் போய் வந்த பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்லும்.

முதுமலை போன்ற புலிகள் காப்பகங்களில் வனத்துறை வண்டியை விட்டு இறங்க முடியாது. பெரியவர்களுக்குப் பரவாயில்லை. சின்னப் பிள்ளைக்கு அது இன்னொரு பஸ் பயணம், அவ்வளவுதான்.

ஏரியில் போய் எதைப் பார்ப்பது? எல்லாம் கொக்காகத்தானே தெரிகிறது?

பெயரை விடுங்கள், முதலில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த சில:

மடையான் கரையோரத்தில் சேற்று நிறத்தில் அசையாமல் நிற்கும். அங்கே ஒரு பறவை இருப்பதே தெரியாது. கிட்டே போனதும் எழும்பும். சிறகு இரண்டும் பளிச்சென்று வெள்ளை. இந்த ஒரு வித்தையிலேயே பல பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள்.

பாம்புத்தாரா உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும். பிறகு கிளையில் ஏறி இரண்டு சிறகையும் விரித்துக் காயவைக்கும். அதன் இறகு வாத்து இறகு போல நீரை ஒட்டாமல் தள்ளாது, நனைந்துவிடும். நனைந்து கனப்பதால்தான் எளிதாக முங்க முடிகிறது.

நத்தைக்குத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். நத்தையைப் பிடிக்கவும் அதன் சதையை வெளியே எடுக்கவும் ஏற்ற அலகு. நடவு முடிந்த வயல்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாகப் பாயும். நீல முதுகும் வெள்ளை நெஞ்சுமாக மின்கம்பியில் உட்காரும் மற்ற மீன்கொத்தி மீனோடு நிற்பதில்லை. ஓணான், வெட்டுக்கிளி, தவளை எல்லாம் பிடிக்கும்.

தாமரையும் அல்லியும் படர்ந்த குளமாக இருந்தால் இலை மேல் நடக்கும் நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். முட்டையிட்டதோடு பெட்டையின் வேலை முடிந்தது. அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண். வீட்டில் இதை வைத்து ஒரு வாரம் பேச்சு ஓடும்.

கிணற்றோரப் பனையிலும் ஈச்சமரத்திலும் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும். கூட்டைப் பாதி கட்டி முடித்ததும் ஆண்குருவி பெட்டையை அழைக்கும். அவள் வந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூடு அப்படியே நின்றுவிடும். அடுத்த முறை அரைகுறைக் கூடு கண்ணில் பட்டால் கதையைச் சொல்லுங்கள்.

சரி, வேடந்தாங்கலுக்கும் போக ஆசை. எப்போது போவது?

நவம்பரிலிருந்து மார்ச் வரை என்று சொல்வார்கள். பிள்ளைகளோடு போக ஜனவரியும் பிப்ரவரியும்தான் நல்ல மாதங்கள். அதற்குள் கூடு கட்டி, முட்டை பொரிந்து, குஞ்சுகள் தீனி கேட்டுக் கத்தத் தொடங்கியிருக்கும். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது, அலகைத் தட்டித்தான் சத்தம் எழுப்பும். அங்கே கேட்கும் கூச்சலில் குஞ்சுகளின் பங்குதான் பெரிது.

ஆனால் கிளம்பும் முன்பு அந்த வருடம் மழை எப்படி என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத வருடங்களில் பறவைகள் கூடு கட்டுவதில்லை. வந்தாலும் சீக்கிரம் போய்விடும். ஏரிக்குள் மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பும் கருவேலமும்தான் கூட்டுக்கான மரங்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் கீழிருந்து ஏறி வரும் எதிரிகள் குறைவு. தண்ணீர் இல்லையென்றால் அந்தக் காவல் இல்லை.

சென்னையிலிருந்து 75 முதல் 80 கிலோமீட்டர். திருச்சி போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் படாளம் தாண்டி உள்ளே திரும்ப வேண்டும். காலையில் சீக்கிரம் போய்ச் சேர்வது நல்லது. முடியாது என்றால் மாலை 4 மணிக்கு மேல். வெளியே இரை தேடப் போன கூழைக்கடாவும் நாரையும் அரிவாள்மூக்கனும் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து இறங்குவதைப் பார்க்கலாம். நண்பகலில் போய் நின்றுவிட்டு "ஒண்ணுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் ஏராளம். கரைமேல் நடக்கப் பாதையும், பார்க்கக் கோபுரமும் உண்டு. நடை கொஞ்சம்தான் என்பதால் தாத்தா பாட்டிக்கும் ஏற்ற இடம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வரலாறும் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டிருக்கிறார்கள். அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798-இல் பறவைகளைக் காக்க ஆணை கொடுத்தார். ஊருக்கு இதில் சொந்த லாபமும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரத்தோடு பாய்ந்தது. இரக்கமும் கணக்கும் சேர்ந்தே காப்பாற்றிய ஏரி அது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கரிக்கிலி, பள்ளிக்கரணை, கூந்தன்குளம் ஆகியவையும் அதே வருடம்தான் சேர்ந்தன.

தெற்கே, மேற்கே இருப்பவர்களுக்கு?

கூந்தன்குளத்தைத்தான் முதலில் சொல்வேன். திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி பக்கம். ஏரியில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலும் நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். எச்சமும் நாற்றமும் சத்தமும் சகிக்க முடியாதவை என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். ஊர்க்காரர்கள் அவற்றை விரட்டுவதில்லை. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகளும் குளிர்காலத்தில் இங்கே இறங்கும்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி. பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கோவைக்காரர்களுக்கு உக்கடம் பெரியகுளமும் சிங்காநல்லூர் குளமும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. டெல்டாவில் அரியலூர் பக்கம் கரைவெட்டி. பூநாரை பார்க்க கோடியக்கரை; அங்கே வெளிமானும் உண்டு. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்றால் நீலத் தாழைக்கோழிகள் தெரியும். குப்பைமேட்டு வாடையும் சேர்ந்து வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பைனாகுலர் வாங்க வேண்டுமா?

முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். வாங்குவது என்று முடிவானால் 8×42 அல்லது 8×40 என்று போட்டதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். கடைக்காரர் 20 மடங்கு, 30 மடங்கு என்று காட்டினால் மயங்காதீர்கள். பெருக்கம் கூடக் கூட கை நடுக்கமும் அதே அளவு பெருகும், பார்வையின் பரப்பும் குறுகும். பறவை எங்கே என்று தேடுவதற்குள் அது போய்விடும். பெட்டிக் கடையில் விற்கும் பொம்மை பைனாகுலர் வீண்; எதுவும் தெரியாமல் பிள்ளை வெறுத்துவிடும்.

பறவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் மொட்டைமாடியில் நின்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்துப் பழகலாம். வாரைக் கழுத்தில் மாட்டாமல் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். வெறும் கண்ணாலும் கருவியாலும் சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

செல்போனில் செயலி வைத்துக்கொள்ளலாமா?

கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி இலவசம். அளவு, நிறம், எங்கே இருந்தது என்று கேட்டு, இருக்கக்கூடிய பறவைகளைப் படத்தோடு காட்டும். நல்லதுதான். ஆனால் பறவை பறந்து போன பிறகு போனை எடுங்கள். கண்ணெதிரே இருக்கும்போது எடுத்தால் பிள்ளையும் திரையைத்தான் பார்க்கும். செயலியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடும் பழக்கம் வேண்டாம். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.

அரை மணி நேரத்தில் "போகலாம்" என்று நச்சரிக்கிறார்கள். என்ன செய்வது?

போய்விடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். அரை மணி நேரம் பிள்ளைக்குப் போதும் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். அழ அழ இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தால் அடுத்த ஞாயிறு யாரும் வர மாட்டார்கள்.

சலிப்புக்குப் பாதிக் காரணம் பசி. காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம் என்றால் ஏழரைக்குள் வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும். பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், வாழைப்பழம் எதுவானாலும் சரி. கரையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் பறவைகள் பயம் தெளிந்து கிட்டே வரும். நடந்துகொண்டே இருப்பவர்களைவிட உட்கார்ந்திருப்பவர்களுக்கே அதிகம் தெரியும்.

மற்ற பாதிக் காரணம் பெரியவர்கள். "சத்தம் போடாதே, ஓடாதே, அங்கே பார், இதைப் பார்" என்று விடாமல் ஆணையிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு எண்ணும் வேலை, ஒருவருக்கு எழுதும் வேலை. கண்ணை மூடி எத்தனை வேறு வேறு குரல் கேட்கிறது என்று விரல் மடக்கச் சொல்லலாம். அவர்கள் தட்டானையோ மரவட்டையையோ பார்த்து நின்றுவிட்டால் நீங்களும் நில்லுங்கள். பறவைதான் பார்க்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

தாத்தா பாட்டியை அழைத்துப் போவது சிரமமாக இருக்குமோ?

மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துக்கொண்டால் போதும். அவர்கள் வராவிட்டால்தான் நஷ்டம். ஆடு மாடு மேய்த்து வளர்ந்த தலைமுறைக்குப் பறவையின் புத்தகப் பெயர் தெரியாமல் இருக்கலாம். எந்தக் கீரையைக் கிள்ளலாம், எந்த மரத்துப் பழம் தின்னலாம், ஆட்காட்டிக் குருவி கத்தினால் அருகே ஆளோ நாயோ வருகிறது என்பதெல்லாம் தெரியும். கேட்டால் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள்தான் கேட்க வேண்டும். நாம் கேட்டால் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று முடித்துவிடுவார்கள்.

பாம்பு இருக்குமே?

இருக்கும். ஆனால் ஏரிக்கரையில் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து தண்ணீர்தான். மண் அள்ளிய ஏரிகளில் கரையிலிருந்து இரண்டடி தள்ளியே ஆளை விழுங்கும் பள்ளம் இருக்கலாம். மேலே தண்ணீர் நிரம்பிவிட்டால் எதுவும் தெரியாது. காலைக்கூட நனைக்க விடாதீர்கள். நீச்சல் தெரிந்த பிள்ளையானாலும் சரி. மதகு, கலிங்கு மேல் ஏறவும் விட வேண்டாம், பாசி வழுக்கும். பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று பெரியவர்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்ப்பதில்லை.

பாம்புக்கு: ஷூ போடுங்கள், புதருக்குள்ளும் கல் இடுக்கிலும் கைவிடாதீர்கள், ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்தோ கிடைத்த வண்டியிலோ நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே தடுப்பூசி. இடி இடித்தால் மரத்தடியில் நிற்காமல் வண்டிக்குள் ஏறிவிடுங்கள்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வரலாமா?

இறகு முளைத்து, தத்தித் தத்தி நடக்கிறது என்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு. தாய் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை எட்டாத கிளையில் தூக்கி வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு தெரிந்தால் திரும்ப வைத்துவிடலாம். மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. அடிபட்டிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறிச் செத்துவிடும். வளர்க்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதும் குற்றம்தான்.

பறவை தவிர வேறு ஏதாவது?

சென்னையில் இருந்தால், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு கடலாமை நடைக்குப் போகலாம். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இதைச் செய்துவருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர், நள்ளிரவு நடை. பங்குனி ஆமை முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பாதுகாப்பான குழிக்கு மாற்றுவார்கள். ஆமை கட்டாயம் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. டார்ச் அடிக்கவும் கூடாது. மறுநாள் பள்ளி இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள்.

நாங்கள் பார்த்ததை எழுதி வைத்து என்ன பயன்?

பிள்ளைகளுக்கு நோட்டுப்புத்தகம் போதும்: தேதி, இடம், பறவை, எத்தனை. அதையே, பார்த்த பறவைகளை யாரும் பதிவு செய்யக்கூடிய ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் உதவும். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நான்கு நாள் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணினால் போதும், மொட்டைமாடியும் ஓரிடம்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு இது கச்சிதம்.

கோடையில் ஏரி வற்றிவிடும், வெயிலில் வெளியே போகவும் முடியாது. அப்போது?

மாடியிலோ ஜன்னல் திட்டிலோ அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். இரண்டு அங்குல ஆழம் போதும். நடுவில் ஒரு கல் போட்டால் சிட்டுகள் அதில் நின்று குடிக்கும். தினமும் தண்ணீரை மாற்றித் தேய்த்துக் கழுவுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்குத்தான் தொட்டி கட்டிய மாதிரி ஆகும். நிழலில், பூனை பதுங்க இடமில்லாத பக்கமாக வைக்க வேண்டும். முதல் சில நாட்கள் காகத்தைத் தவிர யாரும் வராவிட்டால் இடத்தை மாற்றாதீர்கள். காகம் குடிப்பதைப் பார்த்துத்தான் மைனா வரும், அப்புறம் கொண்டைக்குருவி வரும். கழுவும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். மறந்து போனால் மறுநாள் காலையில் காகமே சட்டி விளிம்பில் உட்கார்ந்து கத்தி நினைவுபடுத்தும்.